மறு: ஆன்டிஆக்ஸிடன்ட்டுக்கு வாயில் நுழையும் ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம். ஆன்டிஆக்ஸிடன்ட், அதாவது பொருள்கள் ஆக்சியேற்றம் அடைந்து கெடுவதைக் குறைக்கும் பொருள், அதற்கு எளிய தமிழ்ச்சொல் ஒன்று வேண்டும் என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

> ‘ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி’ ஏற்கெனவே இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

இருக்கிறது, சரி. ஆனால் முதியோருக்கான கட்டுரையில் ‘ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகள் நிறைந்த மாதுளைச் சாறு’ என்று போட்டுப் பாருங்கள். கோவிட்டுக்குப் பிறகு ஆக்சிஜன் ஏற்றுவது என்றாலே நம் ஆட்களுக்குச் சிலிண்டர்தான் நினைவுக்கு வருகிறது, அதை எதிர்க்கிற சாற்றை எந்தத் தாத்தா குடிப்பார்? வேதியியலிலும் அந்த ‘ஜன்’ கட்டாயமில்லை. ஒரு பொருளிடமிருந்து எலெக்ட்ரான் பறிபோனாலே அது ஆக்சியேற்றம்தான், பக்கத்தில் ஆக்சிஜன் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை.

> ‘மூப்புத்தடுப்பி’, ‘இளமைகாப்பி’ என்றால் சட்டென்று புரியுமே?

புரியும், தப்பாகப் புரியும். மூப்புக்குத் ‘தனி உறுப்புகள்’ (free radicals, அதாவது இணையில்லாத எலெக்ட்ரானோடு திரியும் மூலக்கூறுகள்) காரணம் என்று டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1956-இல் ஒரு கருதுகோள் சொன்னார், அவற்றை ஆன்டிஆக்ஸிடன்ட் அடக்கிவிடும் என்று அதைப் பிடித்துக்கொண்டு மாத்திரை வியாபாரம் ஓகோவென்று வளர்ந்தது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. பீட்டா கரோட்டின் (இதுவும் ஓர் ஆன்டிஆக்ஸிடன்ட்) மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியிருந்தது! பழச்சாறு கதையும் அப்படித்தான். ஆக்சியேற்றத்தைக் குறைக்கும் திறன் இவ்வளவு என்று சோதனைக்குழாயில் கிடைத்த எண்ணை அட்டைப்பெட்டியில் அச்சடித்து விற்றார்கள். அந்த எண்ணுக்கும் உடம்புக்குள் நடப்பதற்கும் நேரடித் தொடர்பில்லை என்று அமெரிக்க வேளாண் துறை ஓராக் (ORAC) எனப்படும் அந்த எண்களின் பட்டியலையே 2012-இல் எடுத்துவிட்டது. சாறாகப் பிழிந்து வடிகட்டும்போது நார் பெரும்பாலும் போய்விடும், சர்க்கரை அப்படியே நிற்கும், வயதான சர்க்கரை நோயாளிக்கு அது வேறு தலைவலி. இவ்வளவும் இருக்க, கலைச்சொல்லே விளம்பர வேலை பார்க்கக் கூடாது.

இன்னொன்று, இந்தச் சொல் சாற்றுக்கு மட்டும் போதாது. டயர் ரப்பரிலும் இதே பெயரில் ரசாயனம் சேர்க்கிறார்கள். நல்லெண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காமல் இருக்க அதிலுள்ள செசமால் ஒரு காரணம், அதுவும் இந்த இனம்தான். டயருக்கு ‘இளமைகாப்பி’ நன்றாகவா இருக்கும்?

> அப்படியானால் ‘தடுப்பி’ என்றே முடிக்கலாமே?

அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. தடுப்பு என்றால் சுவர் மாதிரி நிற்க வேண்டும். வைட்டமின் சி செய்வது அதுவல்ல; தன் எலெக்ட்ரானை விட்டுக்கொடுத்துத் தானே ஆக்சியேற்றம் அடைகிறது, செல் சவ்வில் அடிபட்டு நிற்கும் வைட்டமின் ஈ-யையும் மீட்டுக்கொடுக்கிறது. வினை வேகம் குறையும், அடியோடு நிற்காது. ஆகவே தணிப்பு.

என் பரிந்துரை: ஆக்சிதணிப்பி.

ஆக்சைடு பழகிய சொல், அதனால் ‘ஆக்சி’ உறுத்தாது. நடுவில் ‘த்’ வேண்டுமே என்று யாராவது வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், இது எறும்புதின்னி வகை, இரண்டாம் வேற்றுமைத் தொகை, வலி மிகாது. ‘ஆக்சிதணிப்புத் திறன்’ என்று நீட்டவும் வரும். ஒட்சிசன், ஒட்சியேற்றம் என்று படித்த ஈழத்து நண்பர்கள் அதே அச்சில் ‘ஒட்சிதணிப்பி’ என்று வார்த்துக்கொள்ளலாம். இரண்டு கரைக்கும் ஒரே சொல் வேண்டும் என்று நான் அடம்பிடிக்கவில்லை, அமைப்பு ஒன்றாக இருந்தால் தேடுகிறவருக்கு அகப்படும்.

வலிதணிப்பி என்ற வழக்கோடு குழம்பும் என்று ஓர் அம்மா போன மடலில் எழுதியிருந்தார். குழம்பாது என்றே நினைக்கிறேன், எதைத் தணிக்கிறது என்பதுதான் முன்னாலேயே நிற்கிறதே.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். அதுவரை என் கட்டுரையில் முதல் இடத்தில் மட்டும் ‘ஆன்டிஆக்ஸிடன்ட் எனப்படும் ஆக்சிதணிப்பி’ என்று போட்டுவிட்டுப் பிறகு தனியாகவே எழுதப் போகிறேன். அப்புறம் அந்தத் ‘தனி உறுப்பு’ இருக்கிறதே, இலங்கையில் ‘சுயாதீன மூலிகம்’, இரண்டுமே எனக்குச் சரிப்படவில்லை. அதற்குத் தனி இழை தொடங்கலாமா?