ஏற்காட்டு மலைப் பள்ளிக்குப் பாட்டு, ஓவிய ஆசிரியர் கேட்டு எழுதுவது எப்படி?

மலைக்காற்று:
வணக்கம். ஏற்காட்டு மலைக் கிராமத்து அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். மொத்தம் 180 பிள்ளைகள், அதில் 6 முதல் 8 வரை 110 பேர். பாட்டுக்கும் ஆள் இல்லை, ஓவியத்துக்கும் ஆள் இல்லை. கலைத் திருவிழா சமயத்தில் மட்டும் பத்துப் பேரைப் பொறுக்கி ஒரு வாரம் பயிற்சி கொடுப்பதோடு சரி. தலைமையாசிரியர் "எழுதிக் குடுங்க, அனுப்புறேன்" என்கிறார். யாருக்கு, என்னவென்று எழுதுவது? கருவி வாங்கித் தர ஒரு நன்கொடையாளர் இருக்கிறார். எதைக் கேட்கலாம்?

தீர்மான_நோட்டு:
உங்கள் மனுவில் முதலில் வரவேண்டியது அந்த 110 என்ற எண்தான். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 6 முதல் 8 வரை 100 பேருக்கு மேல் இருந்தால் கலைக் கல்வி, உடற்கல்வி, தொழிற்கல்வி மூன்றுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தது இதற்காகத்தான். வாரம் மூன்று அரைநாள் வேலை. விட்டுப் போனவர்களின் இடங்கள் பல ஊர்களில் காலியாகவே கிடக்கின்றன.

"கலையை வளர்க்க ஆவன செய்யவும்" என்று எழுதினால் கோப்பு அப்படியே மூடப்படும். குழுக் கூட்டத்தில் இப்படித் தீர்மானம் போடுங்கள்: "இப்பள்ளியில் 6-8 வகுப்புகளில் 110 மாணவர்கள் பயில்வதால், கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் ஒருவரை நியமிக்கவும், அதுவரை அருகிலுள்ள பள்ளியில் பணிபுரியும் இசை அல்லது ஓவிய ஆசிரியரை வாரம் ஒரு அரைநாள் இங்கு அனுப்பவும் கேட்டுக்கொள்கிறோம்." இரண்டாவது பாதியை விட்டுவிடாதீர்கள். புதுப் பணியிடத்துக்குச் சென்னை வரை போகவேண்டும். ஒரு அரைநாள் மாற்றுப்பணியை மாவட்டத்திலேயே முடிக்கலாம்.

உறுப்பினர்கள் கையெழுத்தோடு வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு பிரதி, முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு பிரதி. நேரில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அதே கோரிக்கையைப் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்திலும் சேருங்கள். அதில் இல்லாத எதற்கும் பின்னால் பணம் வராது. பதில் வராவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டம். அதோடு, ஒன்றியத்தில் எத்தனை கலைப் பணியிடம், எத்தனை காலி, யார் எந்தப் பள்ளியில் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, 30 நாளில் பதில். அந்தப் பட்டியல் கையில் இருந்தால் "ஆளே இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது.

ஒன்று மட்டும். பாட்டுப் படித்தால் கணக்கில் மார்க் கூடும் என்று வாதாடாதீர்கள். அடுத்த தேர்வில் கூடவில்லை என்றால் வகுப்பையே எடுத்துவிடுவார்கள். சட்டம் குழந்தையின் முழு வளர்ச்சியைப் பற்றிப் பேசுகிறது. அந்த உரிமையின் மேல் நின்று கேளுங்கள்.

சுருதிப்பெட்டி:
கருவி பற்றி. ஆர்மோனியம் வேண்டாம். ஏற்காட்டுப் பனியில் மரம் ஊறிக் கட்டைகள் இறுகும், உள்ளே ஒலி எழுப்பும் பித்தளை ரீடு களிம்பேறிக் கரகரக்கும். சரிசெய்யச் சேலத்துக்கு இறக்கவேண்டும். மிருதங்கமும் அப்படியே. பாடுவதற்கு அடிச்சுருதியை விடாமல் ஒலிக்கும் மின்சுருதிப்பெட்டி ஒன்று போதும். கரண்ட் போனாலும் ஓட பேட்டரி வசதி உள்ளதாகப் பாருங்கள்.

பறை வாங்கலாம், ஆனால் மாட்டுத்தோல் பறை மூடுபனியில் தொய்ந்து சத்தம் செத்துவிடும். ஒவ்வொரு தடவையும் தீயில் காய்ச்ச வேண்டும். பள்ளிக்கூடத்தில் அது முடியாது. போல்ட் வைத்து இறுக்கும் ஃபைபர் பறை 10 எடுங்கள், கூடவே ஸ்பேனரும். அடிக்குச்சி, சிம்புக்குச்சி இரண்டும் உபரியாக 10 ஜோடி. முதலில் ஒடிவது சிம்புக்குச்சிதான். 30 பேர் வகுப்பில் 10 பேர் பறை, 10 பேர் கைத்தாளம், 10 பேர் சொற்கட்டு (அடியை வாயால் சொல்வது) என்று பிரித்துச் சுற்றிவிட்டால் யாரும் சும்மா உட்கார மாட்டார்கள்.

பாட வைக்கும்போது நடக்கும் பெரிய தவறு சுருதி. ஆண் ஆசிரியர் தனக்கு வசதியாக 1 கட்டையில் தொடங்குவார் (கட்டை என்பது சுருதியின் உயர அளவு). பிள்ளைகள் கீழே இறங்க முடியாமல் முனகுவார்கள், மேலே போனால் கத்துவார்கள். கடைசியில் "இவங்களுக்குப் பாட்டு வராது" என்று பேர். 5, 5½ கட்டையில் வையுங்கள். எட்டாம் வகுப்புப் பையன்களுக்குக் குரல் உடையும் நேரம். அவர்களைக் கட்டாயப்படுத்தாமல் தாளத்துக்கு மாற்றுங்கள்.

கோட்டோவியம்:
ஓவியத்துக்கு: பவுடர் கலர் மலையில் கட்டிதட்டும். வாட்டர் கலர் அடுத்த மணி அடிக்கும்வரை காயாது, தாள் சுருண்டுவிடும். ஆயில் பேஸ்டல், கரி, தடித்த தாள். மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள். 101 முதல் 250 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு அரசு ஆண்டுதோறும் தரும் ஒருங்கிணைந்த மானியம் 50,000 ரூபாய். தாள், பேஸ்டலை அதில் எழுதலாம். மானியம் பிந்தலாம், ஜூன் மாதத் தேவையை நன்கொடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மலைக்காற்று:
நன்றிங்க. அரசு ஆள் வரும்வரை உள்ளூரில் யாரையாவது வைக்கலாமா? எப்படிக் கொடுப்பது?

தீர்மான_நோட்டு:
வைக்கலாம். நன்கொடையாளரிடம் கருவிக்குப் பாதி, ஆளுக்குப் பாதி என்று கேளுங்கள். ஆள் இல்லாத கருவி பீரோவில்தான் கிடக்கும். சேலம் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மூன்றாண்டு முடித்தவர்களை விசாரியுங்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரிய அட்டை உள்ள தெருக்கூத்து, பறைக் கலைஞர்களையும் கேளுங்கள். உங்கள் மலையிலேயே மலையாளிப் பழங்குடி மக்களின் ஆட்டமும் பாட்டும் தெரிந்த பெரியவர்கள் இருப்பார்கள். அவர்கள் வாத்தியாராக வந்து நிற்பது பிள்ளைகளுக்குப் பெரிய பெருமை. மதிப்பூதியத்தைக் கையில் கொடுக்காமல் குழுவின் வங்கிக் கணக்கு வழியே, தீர்மானம் போட்டுக் கொடுங்கள். வகுப்பில் பள்ளி ஆசிரியர் ஒருவர் எப்போதும் உடன் இருக்கவேண்டும்.

கீழிருந்து வருபவர் 20 கொண்டை ஊசி வளைவு ஏறவேண்டும். தினம் ஒரு பீரியட் என்று சிதறடித்தால் ஒரு மாதத்தில் நின்றுவிடுவார். ஒரே காலையில் நாலு பீரியடைச் சேர்த்துப் போட்டு, கால அட்டவணையில் "இசை" என்றே எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். "இதர செயல்பாடு" என்று எழுதினால் காலாண்டுத் தேர்வுக்கு முன்பே அது கணக்கு வகுப்பாகிவிடும்.