கூளத்தில் ஓடியதைக் கொன்றேன், ஈ வந்து குடியேறியது

பாலக்கோடு:

எங்களிடம் அறுபது நாட்டுக்கோழி, இரண்டு கறவை மாடு. கொட்டகையில் நெல் உமியும் கடலைத்தோலும் கலந்து கூளம் போட்டிருக்கிறேன். போன சித்திரையில் கூளத்தைக் கிளறியபோது மணல் பொடி அளவில் பழுப்பாக என்னவோ குடுகுடுவென்று ஓடியது. கோழியைக் கடிக்கிற செல் பூச்சி வந்துவிட்டது என்று பயந்து, கடையில் கொடுத்த மருந்தை வாங்கி அடித்தேன். அதோடு விட்டேனா என்றால் இல்லை, கூளம் மொத்தத்தையும் தரை தெரிய வழித்து மாந்தோப்பில் கொண்டுபோய்க் கொட்டினேன். கொட்டகை கல்யாண வீடு மாதிரி பளிச்சென்று இருந்தது.

இரண்டே வாரம்தான். அப்புறம் ஈ. தட்டில் சோறு போட்டால் குழம்பு ஊற்றுவதற்குள் கருத்துவிடும். பக்கத்து வீட்டு அத்தை, "கோழி வளக்கறயா, ஈ வளக்கறயாடா?" என்று தெருவில் வைத்தே கேட்டுவிட்டார்.

வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட வந்த கால்நடை மருத்துவர்தான் விஷயத்தைச் சொன்னார். "பழைய கூளத்துல கொஞ்சம்கூட விட்டு வைக்கலயாப்பா?" என்றார். நான் பெருமையாக இல்லை என்றேன். அவர் தலையில் அடித்துக்கொள்ளாததுதான் பாக்கி. எச்சத்திலும் சாணத்திலும் மேக்ரோகீலிஸ் என்று ஒரு சிலந்திப்பேன் இருக்கிறதாம், ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. வீட்டு ஈ இடுகிற முட்டையையும் அப்போதுதான் பொரிந்து வந்த புழுவையும் தின்பதுதான் அதற்கு வேலை. வெயில் காலத்தில் முட்டையிலிருந்து மூன்று நாள் வாக்கிலேயே வளர்ந்து அடுத்த தலைமுறைக்குத் தயாராகிவிடும். எனக்குச் சிரிப்பு வந்தது எதற்கென்றால், ஒரு எச்சக் குவியல் காய்ந்துபோனால் இது ஈயின் உடம்பைப் பிடித்துக்கொண்டு சவாரி செய்து புதுக் குவியலுக்குப் போய் இறங்குமாம், இறங்கி அந்த ஈ இடுகிற முட்டையையே தின்னுமாம். ஏறி வந்த வண்டியையே விற்றுத் தின்கிற கதை.

நான் மருந்தடித்ததில் அதுவும் செத்தது, தப்பியது கூளத்தோடு மாந்தோப்புக்குப் போய்விட்டது. வெறும் தரையில் புது எச்சம் விழுந்ததும் ஈ முதலில் வந்துவிட்டது. வேட்டைக்காரன் பின்னால் மெதுவாகத்தான் வந்து சேருவான்.

அதன்பிறகு எங்கள் குப்பைக்குழியிலிருந்து பழைய மாட்டுச்சாணம் நான்கு கூடை எடுத்து, கொட்டகையின் ஒரு ஓரமாகப் பரப்பினேன். (அடுத்தவர் கோழிக்கொட்டகைக் கூளத்தை மட்டும் வாங்கி வராதீர்கள், ரத்தக்கழிச்சல் சேர்ந்து வரும்.) இப்போது கூளம் அள்ளினால் ஒரு தடவைக்குப் பாதிக் கொட்டகைதான், அதிலும் அடியில் நான்கு விரல் உயரம் விட்டுவிடுவேன். தண்ணீர்த் தொட்டி ஒன்று ஒழுகிக்கொண்டே இருந்தது, அதையும் மாற்றினேன். எச்சம் சேறாகக் கிடந்தால் ஈப்புழுவுக்குக் கொண்டாட்டம், இந்தப் பூச்சிக்கு அங்கே வேலை ஓடாது. ஆடி கடைசியில் ஈ நன்றாகக் குறைந்தது. சுத்தமாக இல்லை என்று சொன்னால் பொய், ஆனால் அத்தை மறுபடி எங்களோடு முகம் கொடுத்துப் பேச ஆரம்பித்துவிட்டார்.

கெலமங்கலம்:

அண்ணா, எங்கள் கதையும் கிட்டத்தட்ட இதுதான், கோழிக்குப் பதில் நாற்று. நிழல்வலைக்குள் குழித்தட்டில் குடைமிளகாய், தக்காளி விடுகிறோம். தேங்காய் நார்க்கழிவு எப்போதும் ஈரமாகவே இருக்கும், அதில் கொசு மாதிரி கருப்பாகச் சின்ன ஈ பறக்கும், அதன் புழு வேரைக் கடித்து நாற்று துவண்டு விழும். வாரம் ஒரு மருந்து ஊற்றினோம், நின்றபாடில்லை.

வெளிநாடுகளில் இதற்கென்றே ஸ்ட்ராடியோலேலாப்ஸ் என்ற மண் சிலந்திப்பேனைப் புட்டியில் அடைத்து விற்கிறார்கள், மண்மேல் தூவினால் போதும். மேல்மண்ணில் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள்ளேயே திரிந்து இந்த ஈயின் புழுவையும், கூட்டுப்புழுவாக மண்ணுக்குள் இறங்குகிற இலைப்பேனையும் பிடித்துத் தின்னும். நாங்கள் வாங்கவில்லை. மருந்தை நிறுத்தி, தண்ணீரைக் குறைத்து மேல்பகுதி காய விட்டோம். ஒன்றரை மாதம் கழித்துப் பழைய தட்டுகளுக்கு அடியில் பழுப்பாக ஓடுகிறவை தென்பட்டன, ஈயும் குறைந்திருந்தது. தண்ணீர் குறைத்ததுதான் முக்கால்வாசி வேலை என்பது என் கணக்கு. என் வீட்டுக்காரர் எல்லாம் பூச்சி செய்தது என்கிறார், சாயங்காலம் லென்ஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்.

காரிமங்கலம்:

தம்பி, எல்லோரும் ஓடுவதெல்லாம் நல்லது என்று விட்டுவிடப் போகிறீர்கள், அதனால் சொல்கிறேன். நான் அப்படி விட்டு ஒரு அடைக்கோழியையே இழந்தேன். செல்லும் ஓடும். அதில் ஒரு வகை பகலெல்லாம் மரச்சட்டத்து இடுக்கில் ஒளிந்துகொண்டு, ராத்திரி கோழிமேல் ஏறி ரத்தம் குடிக்கும். என் கோழி பத்தாம் நாளே முட்டையை விட்டு எழுந்துவிட்டது, கொண்டை வெளுத்துப்போயிருந்தது, கூடைக்குள் கை விட்டால் முழங்கை வரை அரிப்பு.

வெள்ளைத் துணியால் கூடை இடுக்கை அழுத்தித் துடைத்துப் பாருங்கள். ரத்தம் குடித்த செல் நசுங்கினால் சிவப்புக் கறை விழும். கறை விழுந்தால் வைக்கோலை எரித்துவிட்டு, கூடைக்குக் கொதிக்கிற தண்ணீர். அதில் பாவ புண்ணியம் பார்க்காதீர்கள்.

பாலக்கோடு:

சரியாகச் சொன்னீர்கள் அண்ணா, அன்றைக்கு நான் துணி வைத்துப் பார்த்திருந்தால் மருந்துச் செலவாவது மிஞ்சியிருக்கும். இப்போதுதான் போய்த் துடைத்துப் பார்த்துவிட்டு வருகிறேன். கூளத்தில் கறை இல்லை. மூன்று அடைக்கூடையில் ஒன்றில் இருக்கிறது. அடுப்பில் தண்ணீர் வைத்திருக்கிறேன்.