18 வயதில் வந்த ஒப்பந்தத்தை மிட்டோமா ஏன் ஏற்கவில்லை?

இடது_விங்:
ஜப்பான் கால்பந்து வீரர் கவோரு மிட்டோமா, அந்நாட்டு கிளப்பான கவாசாகி ஃப்ரொன்டாலேவின் அகாடமியில் வளர்ந்தவர். 18 வயதில் அதே கிளப் முதல் அணிக்குக் கூப்பிட்டது. அவரோ சுகுபா பல்கலைக்கழகத்துக்குப் போய் நாலு வருஷம் படித்துவிட்டு 2020-ல்தான் தொழில்முறைக்கு வந்தார். ஆட்டக்காரருக்கு 18-லிருந்து 22 வரைதானே முக்கியமான வயசு? அதைக் கல்லூரி மைதானத்தில் செலவழித்தது எப்படிச் சரியாக வந்தது? இன்னொன்று, 2021-ல் இங்கிலாந்து கிளப் பிரைட்டன் வாங்கிய கையோடு பெல்ஜியத்துக்கு அனுப்பியது ஏன்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நடுக்களம்:
ஜப்பானில் அந்த வயசுப் பையன்களுக்குப் பெரிய பிரச்சினையே ஆட ஆட்டம் கிடைக்காததுதான். 18 வயதில் ஜே1 (ஜே லீக் எனும் ஜப்பான் தொழில்முறை லீக்கின் முதல் பிரிவு; ஜே2, ஜே3 அடுத்தவை) அணியில் சேர்ந்தால் பயிற்சி உண்டு, பெஞ்ச் உண்டு, ஆட்டம் இல்லை. ஐரோப்பாவில் இருப்பதுபோல் ஒழுங்கான இரண்டாம் அணி லீக் அங்கே அப்போது இல்லை. சில கிளப்கள் 23 வயதுக்குட்பட்ட அணிகளை ஜே3-ல் ஆடவிட்டன. 2020-ஓடு அதுவும் நின்றுபோனது. கீழ்ப் பிரிவு அணிக்கு லோனில், அதாவது தற்காலிகமாக, போவதுதான் மிச்சமிருந்த வழி.

டோக்கியோவைச் சுற்றிய கான்டோ வட்டாரத்தின் பல்கலைக்கழக லீக் முதல் பிரிவில் 12 அணிகள். அணிக்கு 22 ஆட்டம், அதற்கு மேல் கோப்பை ஆட்டங்கள். பேரரசர் கோப்பையில் கல்லூரி அணியும் ஜே1 அணியோடு மோதலாம். 2017-ல் சுகுபா, ஜே1 அணியான வெகால்டா செண்டாயை 3-2 என வீழ்த்தியதே, அதில் இரண்டு கோல் மிட்டோமாவுடையது. போதாததற்கு "சிறப்பு நியமன ஆட்டக்காரர்" என்றொரு ஏற்பாடும் இருக்கிறது. பல்கலைக்கழகப் பதிவை விடாமலே ஜே லீக் கிளப்புக்கு ஆடலாம். 2019-ல் அவர் ஃப்ரொன்டாலேவுக்கு இறங்கியது அப்படித்தான்.

பண விஷயத்திலும் பெரிய இழப்பு இல்லை. அன்றைய விதிப்படி புதியவர் பெரும்பாலும் 'சி' ஒப்பந்தத்தில்தான் சேர வேண்டும், ஆண்டுச் சம்பள உச்சவரம்பு 46 லட்சம் யென். ஜே1-ல் 450 நிமிடம், அதாவது ஐந்து முழு ஆட்டம், ஆடினால்தான் சம்பளம் கூடிய 'ஏ' ஒப்பந்தத்துக்கு மாற முடியும். ஜே2 என்றால் 900 நிமிடம். 18-ல் கையெழுத்துப் போட்டு பெஞ்சிலேயே உட்கார்ந்தால் அந்த 450-ஐ எட்டுவதற்குள் வருஷங்கள் ஓடிவிடும். தயாராக வந்த மிட்டோமா முதல் சீசனிலேயே லீக்கில் 13 கோல் போட்டார், கவாசாகி சாம்பியன். கொரோனாவால் அந்த சீசனில் ஐந்து மாற்று ஆட்டக்காரர்களை இறக்க அனுமதி இருந்ததும் அவருக்கு உதவியது. எதிரணியின் வலது பேக் ஓடிக் களைத்த நேரத்தில் இவர் உள்ளே வருவார்.

(இந்த ஏ, பி, சி முறையை 2026-ல் எடுத்துவிட்டார்கள். இப்போது குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் ஜே1-ல் 48 லட்சம் யென், ஜே2-ல் 36 லட்சம், ஜே3-ல் 24 லட்சம். பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது கவனம்.)

கோல்_கோடு:
படிப்பையும் வெறும் காலக்கழிப்பாக நினைக்காதீர்கள். ஒருவருக்கு ஒருவர் மோதும் தருணம்தான் மிட்டோமாவின் ஆய்வேட்டின் பொருள். சக ஆட்டக்காரர்களின் தலையில் சின்னக் கேமரா மாட்டி, பந்து வருவதற்கு முன் யார் எங்கே பார்க்கிறார்கள் என்று பதிவு செய்தார். அவர் பந்தைக் காலோடு கொண்டுபோகும் டிரிப்ளிங் வீடியோவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கிட்டத்தட்ட நின்றுவிடுவார். டிஃபெண்டர் ஒரு காலில் எடையைச் சாய்த்த கணத்தில், வலது பாதத்தின் வெளிப்புறத்தால் பந்தை முன்னே தட்டிவிட்டு ஓடுவார். எடை இறங்கிய காலைத் தூக்கித் திரும்புவதற்குள் இரண்டு அடி பின்தங்கிவிடுவார் எதிராளி. வேகத்தை விட அந்தக் காத்திருப்புதான் அவருடைய பலம்.

பெல்ஜியம் விஷயம் முழுக்க அனுமதிச் சிக்கல். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு 2021 முதல் இங்கிலாந்தில் வெளிநாட்டு ஆட்டக்காரருக்குப் புள்ளிக் கணக்கு வந்துவிட்டது. தேசிய அணி ஆட்டங்கள், வந்த லீக்கின் தரம், ஆடிய நிமிடங்கள் எல்லாம் சேர்த்துப் பார்ப்பார்கள். 2021 ஆகஸ்டில் மிட்டோமா தேசிய அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. டோக்கியோ ஒலிம்பிக் கால்பந்து வயது வரம்புள்ள போட்டி என்பதால் கணக்கில் வராது. ஜே லீக்குக்கும் புள்ளி குறைவு. அதனால் ஒரு சீசன் பெல்ஜியத்தின் யூனியன் செயின்ட் ஜில்வாஸ் கிளப்புக்கு லோன். அங்கே இடது ஓரத்தில் தாக்கவும் தடுக்கவும் வேண்டிய விங்-பேக்காக ஆடித் தடுப்பாட்டமும் கற்றார். அதே நவம்பரில் ஓமனுக்கு எதிராகத் தேசிய அணி அறிமுகம். 2022 மார்ச்சில் சிட்னியில் மாற்று ஆட்டக்காரராக வந்து கடைசி நிமிடங்களில் இரண்டு கோல், ஜப்பானுக்கு உலகக் கோப்பை இடம். அந்தக் கோடையில் பிரைட்டனுக்குத் திரும்பினார்.

மூன்றாம்_பாதி:
நடுக்களம் சொன்னதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், ஆனால் அந்த வழிக்குக் கொடுக்கும் விலையையும் சொல்ல வேண்டும். மிட்டோமா பிரீமியர் லீக்கில் முதல்முறை இறங்கும்போது வயசு 25. இன்னொரு ஜப்பான் வீரர் டகேஃபுசா குபோ 18-லேயே ரியல் மாட்ரிட்டில் கையெழுத்திட்டவர். ஜப்பான் வீரர்கள் நாகாட்டோமோ (மெய்ஜி பல்கலைக்கழகம்), மொரிட்டா (ர்யூட்சு கெய்சாய்), ஜுன்யா இட்டோ (கனகவா) எல்லோரும் கல்லூரி வழியாக வந்து வென்றவர்கள்தான். இட்டோ ஐரோப்பா போகும்போது 25, மொரிட்டாவும் அப்படியே. 24-ல் முட்டியில் பெரிய காயம் பட்டால் இந்த வழியில் வருகிறவருக்கு இரண்டாவது வாய்ப்பு அநேகமாக இல்லை. 18-ல் ஜே1-ல் உண்மையாகவே ஆட இடம் கிடைக்குமென்றால் கல்லூரிக்குப் போகக் கூடாது என்பதே என் கருத்து.

இடது_விங்:
அருமை, எல்லோருக்கும் நன்றி. ஆட்டக்காரரை ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்கு விற்றால் அவர் படித்த பல்கலைக்கழகத்துக்கு ஏதாவது கிடைக்குமா?

நடுக்களம்:
கிடைக்கும். ஒப்பந்தக் காலத்துக்குள் ஒரு நாட்டு கிளப்பிலிருந்து இன்னொரு நாட்டு கிளப்புக்கு மாற்றம் நடந்தால், மாற்றுத் தொகையில் 5 சதவீதம் ஆட்டக்காரரை 12 முதல் 23 வயதுவரை வளர்த்த அணிகளுக்குப் பிரிக்கப்படும். 16-க்குக் கீழே வருஷத்துக்கு 0.25 சதவீதம், 16 முதல் 0.5. மாற்றுத் தொகை 10 லட்சம் யூரோ என்றால், நாலு கல்லூரி வருஷத்துக்கு 20,000 யூரோ. அணி ஜப்பான் கால்பந்து சங்கத்தில் பதிவாகியிருக்க வேண்டும், அந்த வருஷங்களின் ஆட்டக்காரர் பதிவும் இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். பதிவில் ஒரு சீசன் விட்டுப்போயிருந்தால் அந்தப் பங்கும் போய்விடும்.