கேஸ்ட்ரைடிஸ் கேன்சரா மாறுமா?

வைகைக்கரை:
அப்பாவுக்கு ரொம்ப நாளா மேல்வயித்துல வலி. எண்டோஸ்கோபி பண்ணி பயாப்ஸி எடுத்தாங்க, ரிப்போர்ட்ல குரோனிக் கேஸ்ட்ரைடிஸ் (நாள்பட்ட வயித்து அழற்சி), ஹெச்.பைலோரிங்கற வயித்துக் கிருமி பாசிட்டிவ்னு இருக்கு, 14 நாள் மாத்திரை குடுத்திருக்காங்க. சொந்தக்காரர் ஒருத்தர் இது கேன்சர்ல கொண்டு போய் விட்டுரும்னு சொல்லிட்டுப் போயிட்டார், அதுலேர்ந்து அப்பா சரியா தூங்கறதில்ல. வெறும் அழற்சி எப்டிங்க கேன்சர் ஆகும்? மாத்திரைக்குப் பதிலா மஞ்சள் குடுத்தா போதும்னும் சொல்றாங்க.

லேப் அக்கா:
தம்பி, மொதல்ல அப்பாட்ட இதச் சொல்லுங்க, இந்தக் கிருமி இருக்கற நூறு பேர்ல 1லேர்ந்து 3 பேருக்குத்தான் வாழ்நாள்ல வயித்துக் கேன்சர் வருது.

கால்ல முள்ளு குத்துனா வீங்கி சிவந்து நாலு நாள்ல அடங்கிடும்ல, இங்க கிருமி சளிப்படலத்துலயே வருஷக்கணக்கா குடியிருக்கறதால அழற்சி அடங்கவே மாட்டேங்குது. வெள்ளணுக்கள் கிருமியக் கொல்ல விடுற ரசாயனம் பக்கத்துல இருக்கற நம்ம செல்லோட டிஎன்ஏவையும் கெடுக்குது, செத்த செல்லுக்கு ஈடா புதுசு பிரிஞ்சுட்டே இருக்கறதால அந்தக் கோளாறு சரியாகாம அடுத்த செல்லுக்கும் போயிடுது, போதாததுக்கு சைட்டோகைன்கள்ங்கற அழற்சிப் புரதங்கள் வளரச் சொல்லி குடுக்கற சிக்னல் கெட்டுப்போன செல்லுக்கும் போகுது. அப்புறம் அட்ரோபி (சளிப்படலம் மெலிஞ்சு போறது), இன்டெஸ்டினல் மெட்டாபிளேசியா (வயித்துச் செல் குடல் செல் மாதிரி மாறுறது), டிஸ்பிளேசியா (கேன்சருக்கு முந்தின நிலைக்கு செல் கெடுறது)ன்னு பல வருஷமா படிப்படியா போகும், நிறைய பேருக்கு நடுவுலயே நின்னுடும். ரிப்போர்ட்ல மெட்டாபிளேசியான்னு எழுதிருக்கா?

வைகைக்கரை:
இல்லக்கா, அட்ரோபியும் இல்லன்னு போட்டிருக்கு.

லேப் அக்கா:
அப்ப நல்ல நேரத்துலதான் கண்டுபிடிச்சிருக்காங்க, நிம்மதியா இருங்க.

கடலூர் பையன்:
ப்ரோ, மஞ்சள நம்பி மாத்திரைய விட்டுறாதீங்க ப்ளீஸ். பாரி மார்ஷல்னு ஆஸ்திரேலியா டாக்டர், வயித்துல கிருமி வாழவே முடியாதுன்னு எல்லாரும் சொன்னப்ப 1984ல அந்தக் கிருமியத் தானே குடிச்சு கேஸ்ட்ரைடிஸ் வரவெச்சுக் காட்டினார், அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005ல நோபல் பரிசு கெடச்சுது. 1994லயே உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆய்வு அமைப்பு இத முதல் வகை, அதாவது கேன்சர் வரவைக்கும்னு உறுதியான காரணியா சேத்துருச்சு. கிருமி போனா அழற்சி அடங்கும், ரிஸ்க்கும் குறையும். வலி குறைஞ்சிருச்சேன்னு பாதில நிறுத்துனா கிருமி மருந்துக்கு அடங்காமப் போயிடும். கோர்ஸ் முடிஞ்சு குறைஞ்சது 4 வாரம் கழிச்சு கிருமி போயிடுச்சான்னு டெஸ்ட் பண்ணணும், நிறைய பேர் இத விட்டுடறாங்க. அழற்சிக்குன்னு நீங்களா வலி மாத்திரை வாங்கிக் குடுக்காதீங்க, அது வயித்துல புண்ணாக்கும்.

லேப் அக்கா:
ஆமா. சிகரெட் பிடிப்பாரா அப்பா? அதயும் உப்புக் கருவாடு ஊறுகாயயும் குறைக்கச் சொல்லுங்க, ரெண்டுமே ரிஸ்க்க கூட்டும். வீட்ல மத்தவங்களுக்கும் டெஸ்ட் வேணுமான்னு டாக்டர்ட்ட கேட்டுக்கோங்க, இது குடும்பத்துக்குள்ள பரவும்.