மிகைத்தடம், சரக்கு உதிர்ப்பு: இரு சொற்களுக்கான முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

இரயில் நிறுவனங்கள் ஒன்றிணைந்தபின் மூடப்படும் வழியைத் நம் கலைச்சொல் பட்டியலில் 'தேவையற்ற தடம்' எனக் குறிக்கலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. அத்தடத்தின் ஓரத்திலுள்ள ஆலைக்கும் தானியக் கிடங்கிற்கும் அது தேவையானதே. போட்டியாளர்களின் இரு வழிகள் ஒரே நிறுவனத்தின் கைக்கு வந்துவிட்டதால்தான் அவற்றுள் ஒன்று மிகையாகிறது. ஆகவே 'மிகைத்தடம்' என்பதை முன்மொழிகிறேன். 'இரட்டைத்தடம்' வேண்டாம், அது அருகருகே செல்லும் இருவழிப் பாதைக்கு ஏற்கெனவே வழங்கிவருகிறது.

அமெரிக்காவின் கொலராடோவிலுள்ள டென்னசி கணவாய்த் தடத்தைப் பாருங்கள். 1996-இல் யூனியன் பசிபிக் இரயில் நிறுவனம், சதர்ன் பசிபிக் என்ற மற்றோர் இரயில் நிறுவனத்தைத் தன்னுடன் இணைத்துக்கொண்டபோது, ராக்கி மலைத்தொடரைக் கடக்க வயோமிங் வழியும் மொஃபட் சுரங்க வழியும் அதற்கு இருந்தன. 3 விழுக்காடு ஏற்றத்தில் கூடுதல் எஞ்சின்களைப் பூட்டிச் சரக்கை மேலேற்றும் செலவு வீண் என்று கருதி, 1997-இல் கணவாய் வழியே நெடுந்தூர ஓட்டத்தை நிறுத்தியது. தண்டவாளங்களோ இன்றும் அங்கேயே கிடக்கின்றன. இதைக் 'கைவிடல்' என்பது பிழை, 'ஓட்டநிறுத்தம்' எனலாம். நியூ ஜெர்சியின் லாக்கவானா குறுக்குத்தடத்தில் கான்ரெயில் என்ற இரயில் நிறுவனம் 1979-இல் ஓட்டத்தை நிறுத்தி, 1984-இல் தண்டவாளத்தையே பெயர்த்தெடுத்தது. கைவிடல் என்பது அதுதான்.

வாடிக்கையாளரை விலகச் செய்வதற்கான சொல்லே எனக்குப் பெரிதும் முக்கியமாகப் படுகிறது. நியாயமான கோரிக்கையுடன் வரும் சரக்கை மறுக்க அந்நாட்டுச் சட்டம் இரயில் நிறுவனங்களை அனுமதிப்பதில்லை. ஆனால் 1980-இன் ஸ்டாகர்ஸ் சட்டம் கட்டணத்தைப் பெருமளவு அவற்றின் விருப்பத்திற்கு விட்டது. ஓரிரு வேகன்கள் மட்டும் அனுப்பும் ஆலைக்காகத் தனியே எஞ்சினை அனுப்பி, யார்டில் வேகன்களைப் பிரித்துக் கோப்பதைவிட, நிலக்கரியோ கொள்கலனோ முழு ரயிலாக ஏற்றுவதில் ஆதாயம் மிகுதி. எனவே கட்டணம் உயர்கிறது, வண்டி வரும் நாட்கள் குறைகின்றன, ஆலை லாரிக்கு மாறுகிறது. பின்னர் அந்தச் சரக்குக் குறைவே தடத்தைக் கைவிடக் கோரும் மனுவில் காரணமாக எழுதப்படுகிறது.

இதைச் 'சரக்கு உதிர்வு' என்று எழுதினால், இலை தானே உதிர்வதுபோல் தன்வினையாகி, செய்தவர் மறைந்துபோவார். 'சரக்கு உதிர்ப்பு' என்ற பிறவினையே நடந்ததைச் சொல்லும். 'வாடிக்கையாளர் நீக்கம்' பொருந்தாது. யாரையும் நீக்கியதாக எந்த ஆவணமும் சொல்வதில்லை.

நிறுவனங்கள் சேர்வதை 'இணைப்பு' என்றால் இரு தடங்களைச் சேர்க்கும் இணைப்புத்தடத்தோடு குழம்பும் என்பதால், 'ஒன்றிணைவு' என்றே பட்டியலில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.