முட்டை அலர்ஜி: ஃபுட் சேலஞ்சுக்கு எப்போது நாள் குறிப்பது?

தக்கலை அம்மா:

மகளுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. முட்டை ஆகாது. ஒரு வயதில் முதன்முதலாக அவித்த வெள்ளைக்கரு கொடுத்தபோது வாயைச் சுற்றித் தடிப்பு வந்தது, அப்புறம் உடம்பெல்லாம் பரவி வாந்தியும் எடுத்தாள். அதிலிருந்து அவளுக்கு முட்டை கொடுப்பதே இல்லை. போன வருடம் ஒரு கல்யாண வீட்டில் யாரோ கேக் ஊட்டிவிட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது.

திருவனந்தபுரத்தில்தான் காட்டுகிறோம். தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும் ஸ்கின் டெஸ்டில் தடிப்பு முன்பைவிடச் சிறிதாகிவிட்டது. ரத்தத்தில் வெள்ளைக்கருவுக்கான ஐஜிஇ (அலர்ஜியைக் காட்டும் எதிர்ப்புப் புரதம்) 6-இல் இருந்து 1.8-க்கு இறங்கியிருக்கிறது. "இனி ஃபுட் சேலஞ்ச் செய்து பார்க்கலாம், எப்போது வைக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள்" என்று டாக்டர் விட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் வைத்தே முட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, அலர்ஜி வருகிறதா என்று பார்ப்பதுதான் இந்தச் சேலஞ்ச். அவரே ஒரு நாளைச் சொல்லியிருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன்.

ஜூனில் ஒன்றாம் வகுப்பு, அரசுப் பள்ளி. சத்துணவில் வாரம் ஐந்து நாளும் அவித்த முட்டை உண்டு. நான் சோறு கட்டிக் கொடுத்தாலும் பக்கத்துப் பிள்ளையின் தட்டில் முட்டை இருக்கும். அதனால் மே கடைசியில் முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். மழைக்காலத்தில் இளைப்பு வரும், இன்ஹேலர் வைத்திருக்கிறோம். அத்தையோ, "இதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி? ஒரு நுள்ளு எடுத்து வீட்டில் வைத்தே கொடுத்துப் பாரு" என்கிறார். செய்து முடித்தவர்கள் எப்படி நாள் குறித்தீர்கள்?

மார்த்தாண்டம் அக்கா:

மக்களே, மே கடைசி வேண்டாம். நம்ம மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. மே முடிய இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கிவிடும், உன் பிள்ளைக்கு இளைப்பும் கூடவே வரும். நெஞ்சு தெளிவில்லாத பிள்ளைக்கு சேலஞ்ச் வைக்க மாட்டார்கள். ஏதாவது ஆனால் மூச்சில்தான் மோசமாகும். சளி, காய்ச்சல் இருந்தாலே தள்ளிப் போட்டுவிடுவார்கள். என் மகனுக்கும் இளைப்பு உண்டு. கிறிஸ்துமஸ் கழிந்து, மழை விட்டு, அவன் இன்ஹேலர் இல்லாமல் ஓடி விளையாடிய பிப்ரவரியில்தான் வைத்தோம். இப்போது மார்ச். அவள் நன்றாக இருந்தால் ஏப்ரலிலேயே போய்விடு. இல்லையென்றால் பள்ளி திறந்தாலும் திறக்கட்டும், ஜனவரி வரை பொறுத்துக்கொள். எப்படியும் டீச்சரிடமும் சத்துணவு அக்காவிடமும் நீ சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்த 1.8-ஐயும் ரொம்ப நம்பாதே. முட்டைக்கு 2-க்குக் கீழே வந்தால் ஏறக்குறைய பாதிப் பேர் சேலஞ்சில் அலர்ஜி வராமல் தேறுவார்கள் என்பதுதான் கணக்கு. மீதிப் பாதியில் நம்ம பிள்ளை இருந்தால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வைத்துக்கொள். அலர்ஜி வர எவ்வளவு வாய்ப்பு என்றுதான் அந்த எண் காட்டும். வந்தால் எவ்வளவு கடுமையாக வரும் என்பது அதில் தெரியாது.

எதைக் கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டாயா? எங்களுக்கு முதலில் கேக், பல மாதம் கழித்துத்தான் அவித்த முட்டை. மாவோடு கலந்து நன்றாக வேக வைத்த முட்டையை, முட்டை ஆகாத பிள்ளைகளில் பெரும்பாலோர் தாங்கிக்கொள்வார்கள். ஆம்லெட்டும் அவித்த முட்டையும் அப்படியல்ல. கல்யாண வீட்டுக் கேக் விஷயத்தை டாக்டரிடம் மறக்காமல் சொல். அதை மட்டும் வைத்து நீயாக எதையும் முடிவு செய்யாதே. பேக்கரி கேக்கும் கொண்டுபோகாதே, அதில் எத்தனை முட்டை என்று கடைக்காரருக்கே தெரியாது. எத்தனை கேக்குக்கு எத்தனை முட்டை, எவ்வளவு நேரம் வேக வேண்டும் என்று அவர்களே எழுதித் தருவார்கள்.

உண்மையான பாடு எது தெரியுமா? பிள்ளையைத் தின்ன வைப்பதுதான்! "முட்டை தொடக்கூடாது" என்று விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்லி வளர்த்திருக்கிறோம். திடீரென்று ஒரு டாக்டர் நீட்டினால் வாயைத் திறக்குமா? என் மகன் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கால் மணி, அரை மணி இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுப்பார்கள். பிள்ளை பாதியில் நிறுத்திவிட்டால் முடிவே கிடைக்காது. முட்டை போடாத கேக்கை அதே அச்சில் செய்து இப்போதே பழக்கு. அவளுக்குத் தின்னப் பிடித்திருப்பதும் நாள் குறிக்க ஒரு காரணம்தான்.

நாகர்கோவில் ஸ்டாஃப் நர்ஸ்:

அத்தையிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள், வீட்டில் வேண்டாம். வீட்டில் இருப்பது செட்டிரிசின், அலர்ஜி மாத்திரை. அது அரிப்பையும் தடிப்பையும் அடக்கும். மூச்சு முட்டினாலோ பிரஷர் இறங்கினாலோ அதனால் பயனில்லை, அட்ரினலின் ஊசிதான் வேண்டும். தொடையின் வெளிப்பக்கத் தசையில், கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். வெளிநாட்டில் பெற்றோர் பையில் வைத்திருக்கும் ஊசிப் பேனா நம்ம ஊர் மெடிக்கல் ஸ்டோரில் எளிதில் கிடைப்பதில்லை. சேலஞ்ச் அன்று அந்த ஊசி பிள்ளையின் எடைக்குக் கணக்குப் போட்டுக் கட்டில் பக்கத்தில் இருக்குமா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம்.

கடைசி அளவு கொடுத்த பிறகு குறைந்தது இரண்டு மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள். "எல்லாம் சரியாக இருக்கே, பஸ்ஸைப் பிடிப்போம்" என்று அவசரப்படாதீர்கள். வழியில் களியக்காவிளை நெரிசலில் மாட்டிக்கொண்டு பிள்ளை இருமத் தொடங்கினால் என்ன செய்வீர்கள்?

கருங்கல் அப்பா:

தேறாத கதையும் ஒன்று இருக்கட்டும். என் மகனுக்கு அண்டிப்பருப்பு (முந்திரி) ஆகாது. வீட்டம்மா வேலை பார்ப்பது அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில்; உடுப்பிலும் கையிலும் அது ஒட்டிக்கொண்டுதான் வரும். அதனால் எவ்வளவு பட்டால் ஆகாது என்று எங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டியிருந்தது. மூன்றாவது அளவிலேயே இருமலும் தடிப்பும் வந்துவிட்டன. ஊசி போட்டார்கள், இரவு அங்கேயே படுத்தோம். அப்புறம் கொஞ்ச காலம் பாயசத்தைக் கண்டாலே பயந்தான்.

எங்கள் கதையைக் கேட்டு நீங்கள் பயப்பட வேண்டாம். முட்டை அலர்ஜி பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரப் போய்விடும், அண்டிப்பருப்பு அப்படிப் போவது அபூர்வம். ஒரு விஷயம் கேட்கிறேன். தேறிவிட்டால் வீட்டில் தொடர்ந்து முட்டை கொடுப்பீர்களா? தேறிய பிறகு கொடுக்காமல் விட்டுவிடக் கூடாது என்று எங்கள் டாக்டர் சொன்னார். கொடுக்கப் போவதில்லை என்றால் இப்போது எதற்கு அவசரம்?

தக்கலை அம்மா:

கொடுப்போம் அண்ணா, வீட்டில் மற்ற எல்லோரும் முட்டை சாப்பிடுகிறவர்கள்தான். அக்கா, ஏப்ரல் என்று டாக்டரிடம் கேட்கிறேன். நெஞ்சை முதலில் இங்குள்ள குழந்தை டாக்டரிடம் காட்டிவிடுகிறேன். சிஸ்டர், ஒரு சந்தேகம்: தோல் அரிப்புக்காக அவளுக்குத் தினமும் இரவு செட்டிரிசின் கொடுக்கிறோம். அது பரவாயில்லையா?

நாகர்கோவில் ஸ்டாஃப் நர்ஸ்:

அதை நிறுத்தாமல் சேலஞ்ச் வைக்க முடியாது, ஆரம்ப அறிகுறியை மறைத்துவிடும். வழக்கமாக ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், தேதியை உங்கள் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். இன்ஹேலரை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை இல்லாமல் அந்த ஒரு வாரம் அவளால் தூங்க முடியவில்லை, சொறிந்துகொண்டே இருக்கிறாள் என்றால் முதலில் தோலைச் சரிசெய்யுங்கள். ஏப்ரலும் தள்ளிப் போகும், போகட்டும்.