அப்பாவின் மனம் மாறும்வரை காத்திருக்கத்தான் வேண்டுமா?

கேள்வி (பொருநைக்கரை):
என் தந்தைக்கு 58 வயது. நாளொன்றுக்கு ஒரு கட்டு பீடி பிடிக்கிறார். விடுவதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுகிறார். சர்க்கரை நோய்க்காக நாங்கள் செல்லும் மருத்துவமனையில், அவராக மனம் மாறி வரும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். தம்பியும் சிகரெட் பிடிக்கிறான். ஆனால் விட வேண்டும் என்று அவனே சொல்லிக்கொண்டிருக்கிறான். இருவரிடமும் ஒரே விதமாகப் பேசலாமா?

மறுமொழி (ஆலோசகர்):
சகோதரி, புரோச்சாஸ்கா, டிகிளமென்டி என்ற உளவியலாளர்கள் 1970களின் இறுதியில் உருவாக்கத் தொடங்கிய, பழக்கத்தை மாற்றுவோர் படிப்படியாக மனம் மாறுகிறார்கள் என்னும் படிநிலைக் கோட்பாடு இந்த வேறுபாட்டைத்தான் பேசுகிறது. அடுத்த ஆறு மாதங்களுக்குள் விடும் எண்ணமே இல்லாதவர் முதற்படியில் இருக்கிறார். ஒரு மாதத்துக்குள் விட முனைபவர் ஆயத்த நிலைக்கு வந்துவிட்டார். தம்பிக்கு அறிவுரை தேவையில்லை. இரண்டு வாரங்களுக்குள் விடுவதற்கு ஒரு நாளைக் குறிக்கச் சொல்லுங்கள். விழித்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவனாக இருந்தால் அவனுடைய நிகோட்டின் சார்பு வலுவானது என்று பொருள். அதை மருத்துவரிடம் சொல்லி, நிகோட்டின் சுவிங்கத்தை எந்த அளவில் எடுப்பது என்று கேட்கட்டும்.

அப்பாவிடம் வாதாடாதீர்கள். பீடியில் உங்களுக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது என்று கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருங்கள். என்னிடம் வந்த ஒரு பெரியவர் இருமலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. முத்தமிடக் குனிந்தால் பேத்தி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்றார். அது நான் எடுத்துச் சொல்லியிருக்கக்கூடிய காரணம் அன்று.

மறுமொழி (மருத்துவர்):
மேலே சொன்ன அணுகுமுறை நல்லதே. ஆனால் படிநிலையை அளந்த பிறகுதான் உதவலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 41 ஆய்வுகளையும் முப்பத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரையும் உள்ளடக்கிய 2010ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் அமைப்பின் அறிக்கை), படிநிலைக்கேற்ப வகுத்த உதவி, அவ்வாறு வகுக்காத அதே உதவியைவிடக் கூடுதல் பலன் தரவில்லை என்றே கண்டது. "இன்னும் தயாராகவில்லை" என்று எழுதி அனுப்பிவிடுவதுதான் என்னை வருந்தச் செய்கிறது.

ஒரு மாதத்துக்குள் விட விரும்பாத, ஆனால் குறைத்துக்கொண்டே வந்து மூன்று மாதங்களில் விட முயல இசைந்த 1,510 பேரிடம் நடந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. புகைக்கும் ஏக்கத்தைக் குறைக்கும் வெரனிக்ளின் மாத்திரை பெற்றவர்களில் 32.1 விழுக்காட்டினர் 15ஆம் வாரம் முதல் 24ஆம் வாரம் வரை புகைக்கவே இல்லை. ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத போலி மாத்திரை பெற்றவர்களில் அது 6.9 விழுக்காடு. அது சிகரெட் பிடிப்பவர்களிடம் நடந்தது, மாத்திரையும் மருத்துவர் எழுதித்தர வேண்டியது என்றாலும், உங்கள் தந்தையிடம் "விடுங்கள்" என்பதற்குப் பதிலாக "குறைத்துக்கொள்ள முடியுமா, அதற்கு மருந்தும் துணையும் கிடைக்கும்" என்று கேட்க இதுவே போதிய காரணம். 1800-11-2356 என்ற கட்டணமில்லா தேசிய உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

கேட்டவர் (பொருநைக்கரை):
இருவருக்கும் நன்றி. நேற்றிரவு அப்பாவிடம் பிடிக்காதது எதுவென்று மட்டும் கேட்டேன். நெடுநேரம் கழித்து, விடியற்காலையில் பிடிக்கும் முதல் பீடிக்குப் பிறகு நெஞ்சு அடைப்பதாகச் சொன்னார். இதுவரை எங்களிடம் அவர் அதைச் சொன்னதில்லை. நாளையே மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன். வருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார்.